கத்தாத வெண்கலம்

இளைய மகன் உயிரோடு இருக்கிறான் என்பதில் என் மாமிக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. நான் கலியாணம் முடித்துப் பூவரசங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்கு, இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமையே அதற்கான காரணத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"கள்ளன் எண்டா கிடங்கை மூடிப்போட்டே போவான், பிள்ளை?"

எந்தக் கள்ளன், எந்தக் கிடங்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு முதலில் இருந்து சொன்னார். அதற்குப் பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் கதை எனக்கு அவருடைய குரலிலேயே பாடம்.

சண்டை நெருங்கியபோது எங்கள் குடியேற்றத்தில் எல்லா வீட்டுக்காரரும் செய்ததையே இவர்களும் செய்தார்கள். கொண்டுபோக முடியாததை வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். மாமா அதற்கு முன்பே நோயில் இறந்திருந்தார். என் கணவர் வவுனியாவில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். பாதை பூட்டியதால் அங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் இருந்த ஆண் இளையவர் மட்டும்தான். சின்னவன் என்று வீட்டில் சொல்வார்கள். ஒருநாளும் கண்டிராத அவரை நானும் மனதுக்குள் சின்னவன் என்றே நினைக்கப் பழகிவிட்டேன். சுவரில் இருக்கும் படத்தில் அவர் இன்றைக்கு என்னைவிட இளையவர்.

தையல் மிசினையும் குத்துவிளக்குகளையும் பெரிய அண்டாவையும் சின்னவன் கிணற்றடியில் தாட்டார். வெண்கலத்தை மட்டும் வேறாகக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். எல்லாம் ஓரிடத்தில் கிடந்தால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்றாராம். மாமி அப்போது உள்ளே அரிசி கட்டிக்கொண்டிருந்தார், இடத்தைப் பார்க்கவில்லை. "பிறகு வந்து நான்தானே எடுக்கப்போறன்" என்று மகன் சொல்ல, அவரும் கேட்கவில்லை.

வெண்கலம் என்று இந்த வீட்டில் சொல்வது ஒரு சீனத்துப் பாத்திரத்தை. மாமாவின் தகப்பனுடைய தமையன் மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்தவர். பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பியபோது அதைக் கொண்டுவந்தார். மூன்று கால், விளிம்பில் நிமிர்ந்த இரண்டு காது, வயிற்றில் கண் மட்டும் பெரிதாக ஒரு மிருகத்தின் முகம். பனங்கட்டி நிறம். அதன் மேல் இடையிடையே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துச் சாமியறையில் வைத்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணியில் வயல் செய்ய இங்கே காணி கிடைத்து வந்தபோது அந்தப் பெட்டியோடேயே வந்தது. மிகப் பழைய வெண்கலம், புளி போட்டு விளக்கக்கூடாது, கை படக்கூடாது என்பது மாமாவின் கட்டளை. மாமி வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியை மட்டும் துடைப்பார். உள்ளே இருந்ததை அவர் தொட்டதில்லை.

பிறகு எல்லாரையும் போல முல்லைத்தீவுப் பக்கமாகப் போனார்கள். கடைசியில் நீரேரிக் கரையில், சனத்துக்குள், தண்ணீர் எடுத்துக்கொண்டு வாறன் என்று போத்தலோடு போன சின்னவன் திரும்பி வரவில்லை.

முகாமில் இருந்து மாமி வளவுக்குத் திரும்பியபோது வீடு இல்லை. இடித்து, மேலே புல்டோசர் ஓடித் தட்டையாகக் கிடந்தது. கிணற்றடியில் கிடங்குகள் வாய் திறந்து கிடந்தன. தையல் மிசின், விளக்கு, அண்டா ஒன்றும் இல்லை. இரும்பும் பித்தளையும் தேடித் திரிந்தவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். ஆனால் குசினி இருந்த பக்கத்தில் ஒரு கிடங்கும் இல்லை. புல் முளைத்து ஒழுங்காக இருந்தது. அடுத்த காணியில் கண்ணிவெடி பார்க்க மிசினோடு நின்றவரைக் கூப்பிட்டு மாமி கேட்டார்.

"வெண்கலம் கிடந்தாலும் இது கத்துமோ, தம்பி?"

"ஊசி கிடந்தாலே கத்தும் அம்மா."

அந்தத் தம்பி மிசினைக் குசினிப் பக்கம் முழுக்க ஓடவிட்டார். இரண்டொரு ஆணிக்குக் கத்தியது. வெண்கலத்துக்குக் கத்தவில்லை.

இதுதான் மாமியின் அத்தாட்சி. வெண்கலம் அங்கே இல்லை. கள்ளன் எடுத்திருந்தால் கிணற்றடியைப் போல் கிடங்கு திறந்து கிடந்திருக்கும். மூடிவிட்டுப் போனவர் வீட்டு ஆளாகத்தான் இருக்கவேண்டும். இடம் தெரிந்த வீட்டு ஆள் ஒருவர்தான். ஆகவே சின்னவன் எப்படியோ தப்பி வந்து, எடுத்து, நிற்க முடியாத ஏதோ காரணத்தால் போயிருக்கிறார்.

நான் உயர்தரத்தில் அளவையியல் படித்தவள். அந்த வாதத்தில் பிழை தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

கோயிலடியில் காணாமல் போனவர்களின் அம்மாமார் படங்களோடு பந்தல் போட்டு இருந்தார்கள். மாமி கொஞ்சக் காலம் போய்விட்டு நிறுத்திவிட்டார். "அவையள் பாவம், பிள்ளை. அவையளிட்ட ஒரு அத்தாட்சியும் இல்லை" என்றார். அவர் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்ச் சின்னவனின் பெயர், நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்வார். அருச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. விபூதியில் அவருக்கென்று ஒரு கிள்ளு எடுத்துத் தாளில் மடித்து வந்து அலுமாரியில் உள்ள ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போடுவார். அந்த ரின் நிரம்பி, வேறு ரின் வாங்கியதும் எனக்குத் தெரியும். அவர் சாப்பிட்டார், சிரித்தார், வயலுக்குப் போனார். மற்றத் தாய்மாரைப் போல் சுருண்டு கிடக்கவில்லை. அந்த மூடிய கிடங்கின் மேல்தான் இந்த வீடு நடந்தது.

நான்தான் கக்கூஸ் கேட்டேன்.

பழைய கக்கூஸ் வேலியோரத்தில் இருந்தது. மாரியில் அந்த வழியில் பாம்பு. என் மகளுக்கு மூன்று வயது. அவள் காலில் செருப்பு இருக்கிறதா, கையில் என்ன இருக்கிறது, வாயில் என்ன போட்டாள் என்று பார்ப்பதே எனக்கு நாள் முழுக்க வேலை. மண்ணைச் சிரட்டையால் கிண்டினால்கூட ஓடிப்போய்ப் பறிப்பேன். வெடி அகற்றிய காணி என்று எழுதித் தந்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் பறிப்பேன். இவர் ஓமந்தையில் ஒரு சீமெந்துக் கடையில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வருவார். வீட்டோடு சேர்ந்து ஒரு கக்கூஸ் கட்டித் தாருங்கோ என்று நான் அவரை அரித்தேன். அதற்குக் குழி வெட்டத் தோதான இடம் பழைய குசினிக்குப் பின்னால்தான். மாமியிடம் கேட்கப் பயமாக இருந்தது. அவர் உடனே சம்மதித்தார்.

"வெட்டுங்கோவன். அங்க இப்ப என்ன கிடக்கு?"

வெட்ட வந்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அண்ணை. வாய் ஓயாதவர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாமி கோயிலுக்குப் போய்விட்டார்.

"தங்கச்சி, புதையல் வந்தா பாதி எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்."

"முழுக்க எடுங்கோ அண்ணை. எனக்குக் கக்கூஸ் வந்தாக் காணும்."

"அப்ப கக்கூசிலயும் பாதி தாறியளோ? என்ர மனுசி கேட்டுக்கொண்டு நிக்கிறா."

நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனேன். திரும்பி வரும்போது அவர் வெட்டுவதை நிறுத்தியிருந்தார். அலவாங்கை மெதுவாக, மிக மெதுவாக, கரையில் சாய்த்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போங்கோ."

நான் தேத்தண்ணியைக் கீழே போட்டேனா, வைத்தேனா என்று ஞாபகம் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வாய்க்கால் மதகடியில் நின்றேன். பாம்புக்குப் பயந்து வெடியைக் கொண்டுவந்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன். பிள்ளை நான் இறுக்கிப் பிடித்ததில் நொந்து அழுதாள். அண்ணையின் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக எனக்கு வந்தன. பிறகு அவருடைய குரல் கேட்டது.

"வாங்கோ. வெறும் யூரியாப் பைதான்."

யூரியாப் பைக்குள் ஒரு நைலெக்ஸ் சேலை, சுற்றிச் சுற்றி. மண்ணுக்குள் கிடந்தும் அது உக்கவில்லை, ஊதா நிறம் அப்படியே இருந்தது. அதற்குள் மூன்று காலும் இரண்டு காதும் பெரிய கண்ணும். யாழ்ப்பாணத்தில் ஒரு உறவினர் வீட்டில் தப்பியிருந்த பழைய குடும்பப் படத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நான் பார்த்த அதே முகம்.

அலவாங்கு பட்டு ஒரு காலின் நுனி பறந்திருந்தது. பறந்த இடம் தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளையாக இருந்தது.

அண்ணை அதைப் பெருவிரலால் தடவினார். "வெண்கலம் எண்டல்லோ அம்மா சொல்லுறவா?"

"ஓம்."

"இது பீங்கான், தங்கச்சி."

ஒழுங்கையில் எல்லாருக்கும் மாமியின் கதை தெரியும். பீங்கானுக்கு மிசின் கத்தாது. மண்ணுக்குள் இருந்த இரும்பும் பித்தளையும் எல்லாம் போய்விட, வெண்கலம் மாதிரிச் செய்த இது மட்டும் கிடந்திருக்கிறது. ஒருவரும் வரவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை. கிடங்கு மூடியிருந்தது, அதை யாரும் திறக்காதபடியால்.

கிணற்றடிக்குக் கொண்டுபோய் உடுப்புத் துவைக்கும் கல்லில் வைத்து மண்ணைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது. ஊத்தையாக ஒன்றைக் கண்டால் கழுவுவேன். பச்சைக் களிம்பு தண்ணீரோடு போகவில்லை. அது களிம்பே இல்லை. பழசாகத் தெரியவேண்டும் என்று யாரோ தூரிகையால் வைத்த பச்சை. கண்ணின் ஓரத்தில் பொன் கோடு இருந்தது. அடியில் சதுரத்துக்குள் சீன எழுத்து. கையில் எடுத்தவுடன் பாரம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியென்றால் பெட்டியை உடைத்து இதை எடுத்த அன்றைக்கே சின்னவனுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் சேலையை இத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறார். தெரிந்தும் தாயிடம் உங்கட வெண்கலம் என்றே சொல்லியிருக்கிறார். ஓடிப்போகிற அவசரத்தில் தாயின் அந்த நம்பிக்கையையும் ஏன் உடைக்கவேண்டும் என்று நினைத்திருக்கலாம். திரும்பி வந்து சிரித்துக்கொண்டு சொல்லலாம் என்றும் நினைத்திருக்கலாம்.

இவருக்குப் போன் எடுத்தேன். கடையில் லொறி இறக்கும் சத்தம்.

"உங்கட வெண்கலம் வந்திட்டுது" என்றேன்.

சத்தம் குறைந்தது. வெளியே வந்திருக்கவேண்டும். "எங்க இருந்து?"

"கிடங்குக்குள்ள இருந்து. அது வெண்கலம் இல்லை. பீங்கான்."

பிறகு கேட்டார்.

"உடைஞ்சு கிடக்கோ?"

"இல்லை. காலில மட்டும் கொஞ்சம்."

"உடைஞ்சிருந்தா நல்லம்" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. தம்பி வந்தான் என்பதை அவர் நம்பினாரா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நம்பித்தான் இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. "அம்மாவுக்குக் காட்டாத. நான் நாளைக்கு வாறன்."

காட்டாமல் இருப்பதா? மறுபடி தாட்டுவிட்டு அண்ணையிடம் சொல்லாதையுங்கோ என்று கேட்பதா? ஒரு தாயிடம் இருந்து இதை மறைக்க எனக்கு என்ன உரிமை? சொல்ல என்ன உரிமை? என் மகள் எங்கேயோ கிடந்து, அது தெரிந்த ஒருவர் என்னிடம் சொல்லாமல் இருந்தால்? அல்லது நான் தெரியாமலே சோறு தின்று கொண்டிருக்கும்படி விட்டால்? எனக்கு எது வேண்டும் என்றே தெரியவில்லை, மாமிக்கு எது வேண்டும் என்று எப்படித் தெரியும்? பாத்திரத்தை மூட ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு நின்றேன். மூடவும் இல்லை.

படலை திறந்தது. மகள் ஓடினாள்.

"அப்பம்மா, பானை வந்தது. கண் வச்ச பானை."

மாமி செருப்பைக் கழற்றாமல் கிணற்றடிக்கு வந்தார். நெற்றியில் விபூதி ஈரம் காயவில்லை. கையில் மடித்த தாள். குனிந்து பார்த்தார். பிறகு சுண்டுவிரல் மடிப்பால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். கோப்பையில் கரண்டி பட்ட மாதிரிச் சின்னச் சத்தம் வந்தது.

"இது எங்கடது இல்லை" என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"எங்கடது வெண்கலம். இது பீங்கான். வேற ஆற்றையோ."

"ஓம் மாமி" என்றேன். அவ்வளவு கெதியாக நான் ஒன்றுக்கும் ஓம் சொன்னதில்லை.

"ஓம் அம்மா, இஞ்ச ஓடி வந்து நிண்ட ஆரும் தாட்டிருப்பினம்" என்றார் அண்ணை. "எத்தனை சனம் இதால போனது."

"அதுதான்" என்றார் மாமி. தாளைக் கொண்டுபோய் ரின்னுக்குள் போட்டுவிட்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டார். அண்ணைக்கு இரண்டாம் முறை குழம்பு விட்டார். இப்படியே போய்விடும், கடவுள் ஒரு வழி விட்டார் என்று நினைத்தேன்.

பின்னேரம் மகளை நித்திரையாக்கிக்கொண்டு போனில் தேடிப் பார்த்தேன். சீனாவில் மிகப் பழங்காலத்து வெண்கலப் பாத்திரங்களைப் பார்த்து, பிற்கால அரசர்கள் பீங்கானில் செய்வித்தார்களாம். பச்சை, பொன், களிம்பு எல்லாம் பீங்கானின் மேல் பூசும் மினுக்கத்தில் வரும்படி. பார்ப்பவர் ஏமாறவேண்டும் என்பதே கெட்டித்தனம். பழைய வெண்கலம் எதற்கு என்றும் இருந்தது. சமைத்த சாப்பாட்டை இறந்துபோன முன்னோருக்குப் படைப்பதற்கு. நான் போனை அணைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மாமி கிணற்றடியில் இருந்தார். மண் கும்பியில் அண்ணை எறிந்திருந்த ஊதாச் சேலை அவருடைய வாளிக்குள் கிடந்தது. சவர்க்காரம் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார். சேலையைப் பற்றி நானும் அண்ணையும் நினைக்கவே இல்லை. பாத்திரத்தை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. சேலையை உடுத்தவர்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. பிழிந்தார், உதறினார், கொடியில் விரித்துக் கிளிப் போட்டார். ஒரு கரையில் பூச்சி அரித்திருந்த ஓட்டையை விரலால் பார்த்தார்.

"இது என்ர தாய் வீட்டுச் சீலை" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் இவர் வந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன், அம்மாவும் மகனும் குடித்தார்கள். மத்தியானம் மாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியடிக்குப் போனார். இவர் ஓடிப்போய் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. பிறகு இவரும் கையால் மண் தள்ளினார். நானும் தள்ளினேன். கக்கூசுக் குழியை வேறு பக்கத்தில் வெட்டட்டும் என்று மாமி சொன்னார். குழி நிரம்பிய பிறகு மிதித்து, மட்டமாக்கி, ஓரத்துப் புல்லைப் பிடுங்கி மேலே வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"நான் சரியாத்தான் சொன்னனான். கள்ளன் மூடமாட்டான். அவன்தான் மூடினவன்."

இவர் எழும்பி வேலிப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் பிள்ளையும் மாமியோடு கோயிலுக்குப் போனோம். தனியாக விட எனக்குப் பயம். ஐயர் தட்டை வாங்கிப் பெயர் கேட்டார். மாமி இவருடைய பெயரைச் சொன்னார். என் பெயர், பிள்ளையின் பெயர். பிறகு பேசாமல் நின்றார். அவர் மறந்துவிட்டார் என்று ஐயர் நினைத்திருக்கவேண்டும்.

"சின்ன மகனை விட்டிட்டியள் அம்மா" என்று சொல்லி, தானாகவே அந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து மந்திரத்தைத் தொடங்கினார். வருடக்கணக்காகச் சொன்ன பெயர், வாயில் இருந்தது. மாமி தடுக்கவில்லை. கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, அது முடியும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விபூதி தந்தபோது பிள்ளைக்குப் பூசினார், தானும் பூசினார். மிச்சத்தைத் தூணில் இருந்த கிண்ணத்தில் தட்டிவிட்டு நடந்தார்.

"அப்பம்மா, சித்தப்பாவுக்கு?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு அது பழக்கம்.

மாமி படியிறங்கிவிட்டார். நான் கிண்ணத்தில் இருந்து ஒரு கிள்ளு எடுத்து, அருச்சனைத் துண்டுத் தாளில் மடித்து, கைப்பைக்குள் வைத்தேன். அது சரியா பிழையா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. பாத்திரம் அலுமாரிக்கு மேல் இருக்கிறது, யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த விபூதியை நான் ரின்னுக்குள் போடவும் இல்லை, எறியவும் இல்லை. கைப்பையைத் திறக்கும்போதெல்லாம் தாள் கசங்கிக்கொண்டு வருகிறது.